காக்கா இல்லாத ஊரில் வைத்த சோறு

எங்கள் பயணக் குழுத் தலைவர் பொய் சொல்கிறார். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்கால் மண்டபத்தில், கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த கூட்டத்தில், மைக் பிடித்துப் பொய் சொன்னார். அண்டார்டிகாவில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியிருந்த பறவைகளைக் கெடுத்தது ஒரு சமையல்காரனின் அலட்சியம் என்றார். இல்லை. அவர் சம்மதத்தோடு, அவர் கண் முன்னால், அவரையும் சேர்த்து நாங்கள் எல்லோரும் கெடுத்தோம்.

அடுத்த கப்பலில் பனிக்குப் போகப் போகிற தம்பிகளே, தங்கைகளே, பயிற்சி மலரில் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். குளிரில் எஞ்சினை எப்படிக் கிளப்புவது, காலுறை எத்தனை எடுத்துப் போவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. பரவாயில்லை.

நான் டீசல் மெக்கானிக். திருவண்ணாமலையில் லாரிப் பட்டறையில் தொழில் பழகி, பிறகு அரசு வேலைக்குப் போனவன். பனிக்குப் பல முறை போய்வந்திருக்கிறேன். ஓய்வு பெற்றபோது சால்வை கொடுத்தார்கள். அந்தச் சால்வையை இன்னும் உறையிலிருந்து பிரிக்கவில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருந்தது அந்தக் கண்டத்தின் கிழக்குக் கரை. அண்டார்டிகா என்றால் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கரையோரத்தில் பனி மூடாத மொட்டைப் பாறைக் குன்றுகள் உண்டு. நம் ஊர் மலையைச் சுத்தியலால் உடைத்து, புல் பூண்டு எல்லாவற்றையும் வழித்துவிட்டு, துண்டு துண்டாகக் கடலோரம் கொட்டியது போல இருக்கும். பின்னால் பனி மேடு, உள்நாட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகும். அங்கே குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி வந்து விடியற்காலையில் கதவை உதைக்கும். முன்னால் கடல். வருடத்தின் பெரும்பகுதி அது உறைந்துபோய் வண்டி ஓடும் தரையாகக் கிடக்கும். கோடையில் உடைந்து மறுபடியும் கடலாகும்.

இதில் நீங்கள் மறக்கக் கூடாதது ஒன்றுதான். அவ்வளவு பெரிய கண்டத்தில் பறவை முட்டை வைக்கக் காய்ந்த தரை கொஞ்சம்தான். மனிதன் கட்டிடம் கட்டவும் அந்தக் காய்ந்த தரைதான் வேண்டும். அதாவது நாம் போய் இறங்குவதே இன்னொருவர் வீட்டு வாசலில். நிலையத்துக்குப் பின்னாலிருந்த பாறை இடுக்குகளில் பனிப் பெட்ரல் என்ற வெள்ளைப் பறவை அடைகாத்தது. புறா அளவுதான் இருக்கும். எதிரே இருந்த தீவில் பென்குயின்கள். அந்தத் தீவுக்கு அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஹெலிகாப்டர் அதன் மேலே பறக்கக் கூடாது. எந்த உயிருக்கும் உணவு கொடுக்கக் கூடாது. கோழி எலும்பைக்கூட வெளியே போடாமல் பெட்டியில் அடைத்துக் கப்பலில் திருப்பி அனுப்புகிற ஊர் அது. நம் ஊர்க் கோழியின் நோய் அந்தப் பறவைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் காரணம்.

இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாக நடத்தியவரே தலைவர்தான். இப்போது அவரைப் பற்றி ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானும் பொய்யன்.

முந்தைய பயணம் ஒன்றில் உறைந்த கடல் மேல் இரண்டு வண்டிகளில் திரும்பிக்கொண்டிருந்தோம். வானம் சுத்தம். நிலையத்தின் சிவப்புக் கூரை கண்ணுக்குத் தெரிகிறது. எல்லோருக்கும் பசி. தலைவர் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்து, "பின்னாடி போங்க. அந்தப் பாறைத் தீவுலயே ராத்திரி தங்கிக்கலாம்" என்றார்.

"சார், ஊடு தெரியுது சார். இந்தா இருக்குது" என்றேன் நான்.

"ஊடு தெரியுதுப்பா. நடுவுல இருக்கறது தெரியுதா?"

அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினோம். கூடாரத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். காலையில் பார்த்தால் நாங்கள் போக இருந்த வழி முழுக்கத் தண்ணீர். கரும்பச்சைத் தண்ணீர். அன்றையிலிருந்து அந்த மனிதர் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. என் உயிர் அவர் கொடுத்தது என்றே நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது தெரியவில்லை. பனியைப் பற்றி ஒருவருக்கு நன்றாகத் தெரியும் என்றால் அவர் சொல்லும் எல்லாமே சரி என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

அடுத்த பயணத்தில் ஏழுமலை வந்தான். சமையல்காரன். செங்கம் பக்கத்துக் கிராமம். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். திருவண்ணாமலை என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டான். "ணா, ணா" என்று காலை முதல் இரவு வரை என் பின்னாலேயே வருவான். வாயாடி. வடநாட்டுக்காரர்களுக்கு மிளகுக் குழம்பு ஊற்றிவிட்டு அவர்கள் மூக்கு உறிஞ்சுவதை வேடிக்கை பார்ப்பான்.

கப்பல் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகு அவனுடைய அப்பா இறந்துபோனார். செய்தி வந்தது, போக வழியில்லை. கொள்ளி போட அவன் தம்பி இருந்தான். வீடியோவில் காட்டுகிறோம் என்றார்கள். சிக்னல் நின்று நின்று வந்தது. தீச்சட்டியை எடுக்கிற இடத்தில் படம் உறைந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காரியத்தன்று காலையில் என்னிடம் வந்தான். கையில் ஒரு தட்டு. நெய் விட்ட பருப்புச் சோறு.

"ணா, இங்க காக்கா இல்லியே."

"அதுக்கு?"

"எங்கப்பாரு பசியோட நிப்பாருணா. காக்கா வந்து எடுத்தாதான அவரு சாப்ட்ட மாதிரி? இப்ப நான் எங்க வெக்கறது?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. அங்கே ஸ்குவா என்று ஒரு பறவை உண்டு. பழுப்பு நிறம், கழுகு போல வளைந்த மூக்கு, காக்கையைவிடப் பல மடங்கு பெரியது. கோடையில் வரும். பென்குயின் முட்டையைத் திருடும், குஞ்சைத் தூக்கும், செத்ததைத் தின்னும். அதுதான் அதன் பிழைப்பு. தப்பொன்றும் இல்லை. முதல் பயணத்திலேயே அதைப் பார்த்துவிட்டு, "இது நம்மூரு காக்காதான்டா, கலரு மாத்தினு வந்துருக்குது" என்று நான் கிண்டல் செய்தேன். அதிலிருந்து எங்கள் நிலையத்தில் அதற்குக் காக்கா என்றே பெயர். தமிழ் தெரியாதவர்களும் 'காக்கா, காக்கா' என்றார்கள். ஸ்குவாவுக்குச் சோறு வைக்கலாமா என்று யாராவது கேட்டிருந்தால் ஒருவன் கூடச் சரி என்று சொல்லியிருக்க மாட்டான். பாடத்தில் அந்தப் பெயர் இருந்தது. காக்காவுக்குச் சோறு வைக்கலாமா என்று கேட்டால் எந்தத் தமிழன் வேண்டாம் என்பான்?

"அதோ உக்காந்துட்டு இருக்குது பார் காக்கா" என்றேன்.

ஆனால் ஏழுமலை அப்படியே போய் வைத்துவிடவில்லை. இதைக் கவனமாகப் படியுங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"சார், தப்பாப் பட்டா சொல்லிடுங்க, நான் உள்ள வெச்சிக் கும்புட்டுட்டு நாங்களே சாப்ட்டுக்கறோம். ஒரு புடி சோறு வெளில வெக்கலாங்களா?"

தலைவர் தட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. வேலூர்ப் பக்கத்துக்காரர், நம்ம ஊர் மனிதர். "ஒரு புடி சோறுதானப்பா. அப்பாவுக்கு வெக்கறதுக்கு யாருகிட்ட கேக்கணும்? போ, வெய்யி" என்றார்.

அது இரக்கம். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. அந்த ஒரு நாளோடு நின்றிருந்தால் இதை எழுத மாட்டேன்.

ஏழுமலை பாறை மேல் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். அந்தக் கண்டத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று இறங்கியது. இரண்டு அடி எடுத்து வைத்து, தலையைச் சாய்த்து, ஒரே கொத்தில் பாதியை விழுங்கியது. ஏழுமலை அங்கேயே உட்கார்ந்து அழுதான். நாங்களும் அழுதோம்.

அடுத்து அமாவாசை வந்தது. சமையலறைச் சுவரில் அவன் கொண்டுவந்த தினசரி காலண்டர் தொங்கியது. தலைவரே வந்து தாளைப் பார்த்துவிட்டு, "என்ன ஏழுமல, எங்கப்பாவுக்கும் சேத்து வெச்சிடறியா?" என்றார். அப்புறம் நான் என் அம்மாவுக்கு வைத்தேன். கேரளத்துக்காரர் வைத்தார். வங்காளத்துக்காரர் வைத்தார். செத்துப்போன அப்பா அம்மா யாருக்குத்தான் இல்லை? கொஞ்ச நாளில் அமாவாசை என்ற கணக்கும் போனது. வீட்டில் தினமும் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே சாப்பிடுகிறோம் என்று யாரோ சொன்னார்கள். தினமும் ஆனது. பருப்புச் சோறு போய் மீதிக் குழம்புச் சோறு வந்தது. பறவைகள் பாறையை விட்டுச் சமையலறைக் கதவுக்கே வந்து நின்றன. கதவு திறந்தால் கத்தும். ஒரு பறவை ஒருவன் கையிலிருந்தே ரொட்டியைப் பிடுங்கியது. நாங்கள் சிரித்தோம்.

ஏழுமலை ஒருநாள் பயந்தான். "சார், ஜாஸ்தியாப் பூடுச்சி சார். நிறுத்திக்கலாமா?" என்று கேட்டான். தலைவர் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "இருப்பா, லைட்டு நல்லா இருக்குது. இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

இரண்டு முறை கேட்டான் ஏழுமலை. இரண்டு முறையும் பதில் வந்தது.

கோடை முடிந்து ஸ்குவாக்கள் வடக்கே போய்விட்டன. குளிர்காலம் வந்தது, சூரியன் இல்லாத நாட்கள் வந்தன, நாங்கள் மறந்துவிட்டோம். பறவைகள் மறக்கவில்லை. வெயில் திரும்பியதும் எங்கெங்கோ கடலெல்லாம் சுற்றிவிட்டு நேராக எங்கள் சமையலறைக் கதவுக்கு வந்து இறங்கின. போன வருடத்தைவிட அதிகம். எங்களுக்குப் பெருமையாக இருந்தது, மறுபடியும் சோறு போட்டோம். "நம்மள ஞாபகம் வெச்சினு வந்துருக்குது பாரேன்" என்றேன் நான். இப்போது அந்த வாக்கியம் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு முகம் எரிகிறது.

சோற்றுக்காக வந்தவை சோற்றோடு நிற்குமா? கூடு கட்ட வேண்டும், குஞ்சு பொரிக்க வேண்டும், குஞ்சுக்கு இறைச்சி வேண்டும். பக்கத்தில் என்ன இருக்கிறது? பாறை இடுக்கில் பெட்ரல் இருக்கிறது. ஜெனரேட்டர் அறைக்குப் போகும் வழியில் வெள்ளை இறகுகள் கிடக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு காற்றடித்தால் பனி பறக்கிறதா இறகு பறக்கிறதா என்று தெரியாத அளவுக்கு. அந்தக் குன்றில் ஒரு இடுக்கில் ஒரு ஜோடி இருந்தது. கையை நீட்டினால் நாற்றமடிக்கும் எண்ணெயை மூஞ்சியில் துப்பும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் துப்ப ஆளில்லை. இறக்கைகள் இரண்டும் மார்பெலும்போடு தனியாகக் கிடந்தன. எதிர்த் தீவிலும் அதுதான் நடந்தது. இங்கே தின்று தெம்பாகி அங்கே போய்க் குஞ்சு தூக்கின.

பிறகு எச்சரிக்கை வந்தது. பறவைக் காய்ச்சல் தென்கோடி வரைக்கும் வந்துவிட்டது, செத்த பறவையைத் தொடாதீர்கள், கூட்டமாகப் பறவை சேரும் இடத்தை விட்டு விலகி நில்லுங்கள் என்று. கூட்டமாகச் சேரும் இடம் எங்கள் சமையலறை வாசல். அன்றே சோற்றை நிறுத்தினோம். கொஞ்ச நாளில் கதவுக்கு வெளியே ஒரு ஸ்குவா கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. மறுநாள் செத்துக் கிடந்தது. பிறகு இன்னும் சில. மாதிரி எடுத்து அனுப்பினார்கள். முடிவு என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. அது காய்ச்சல்தானா, எங்களால்தான் பரவியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். ஆனால் தள்ளித் தள்ளி வாழ வேண்டிய பறவைகளை ஒரே வாசலில் தோளோடு தோள் உரச நிற்க வைத்தது நாங்கள். அதில் சந்தேகம் இல்லை.

அடுத்த கப்பலில் பறவைகளை ஆராயும் ஒரு பெண் வந்தார். வந்து இறங்கியதுமே பார்த்துவிட்டார். மனிதனைக் கண்டால் விலக வேண்டிய பறவை காலடியில் வந்து நின்று கத்தினால் வேறென்ன அர்த்தம்? அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "யார் இதுகளுக்குச் சாப்பாடு போட்டது?"

மேசையைச் சுற்றி அத்தனை பேர். ஒருவனும் நிமிரவில்லை. ஏழுமலை கரண்டியோடு நின்றான்.

தலைவர் சொன்னார்: "சமையலறைக் கழிவைச் சரியா மூடி வெக்கலை. நான் கவனிச்சிருக்கணும்."

எவ்வளவு நேர்த்தியான வாக்கியம் பாருங்கள். பழியைத் தானே ஏற்பது போல இருக்கிறது. ஆனால் சமையலறை என்றால் யார்? ஏழுமலை தலைவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். உயிர் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதா என்று ஏதோ ஒரு நியாயம் எனக்கு. அதே கப்பலில் ஏழுமலையைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் அவனைக் கூப்பிடவில்லை.

இப்போது அவன் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ஒரு ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஓட்டல் வைத்திருக்கிறான். வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். "காரம் கம்மியாப் போடுன்றான், போட்டா சப்புனு கீதுன்றான், இன்னாதாண்ணா பண்றது இவுனுங்கள" என்று புலம்புவான். நான் வாரம் ஒருமுறையாவது போவேன். அண்டார்டிகா என்ற வார்த்தையை நாங்கள் பேசுவதில்லை. அவன் மகள் தீபா விலங்கியல் படிக்கிறாள். அப்பா பனிக்குப் போனவர் என்பதால்தான் அந்தப் பாடத்தையே எடுத்தாள். ஏன் மறுபடி போகவில்லை என்று அவள் கேட்டதற்கு மூட்டு வலி என்று சொல்லி வைத்திருக்கிறான்.

இந்த வருடம் அவள்தான் ஓடி வந்து சொன்னாள். "அப்பா, உங்க சாரு வராராம்பா! வேங்கிக்கால்ல பேசறாராம். பென்குயினப் பத்தி. எங்க காலேஜ் மொத்தமும் போவுது. உங்களப் பாத்தா கண்டுபுடிச்சிடுவாருல்ல?" தோழிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான், "வாடா, போலாம்" என்றேன். அவர் மேடையிலிருந்து அவனைப் பார்த்துக் கையாட்டுவார், இத்தனை வருடத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

தலைவர் நன்றாகத்தான் பேசினார். பனி, காற்று, கடல் சூடாவது, தீவைக் காப்பது. பிறகு ஒரு படம் வந்தது. எங்கள் சமையலறை வாசலில் ஸ்குவாக்கள் சிறகை விரித்துக்கொண்டு சோற்றுக்கு அடித்துக்கொள்ளும் படம். அவர் மண்டியிட்டு எடுத்த படம்.

"பாதுகாப்புன்னா சட்டம் மட்டும் போதாது" என்றார். "படிச்சவங்க நாங்க எவ்வளவு சொன்னாலும் ஒருத்தர் புரிஞ்சுக்கலைன்னா முடிஞ்சுது. ஒரு சமையல்காரர். உங்க திருவண்ணாமலைப் பக்கந்தான். காக்காய்க்குச் சோறு வெக்கறேன்னு வெச்சு, ஒரு குன்றையே காலி பண்ணிட்டாரு."

கூட்டம் சிரித்தது. காக்காய்க்குச் சோறு என்றதும் கொல்லென்று சிரித்தது. முன் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தீபாவை அவள் தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் இல்லை, வரிசையாக. திருவண்ணாமலையிலிருந்து பனிக்குப் போன சமையல்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான் எழுந்தேன். ஏழுமலை என் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருணா. பொண்ணு இருக்குது." உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே கார் பக்கத்தில் தலைவர் அவனைப் பார்த்தார். பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு தோளில் கை போட்டார். "என்னப்பா ஏழுமல, நல்லா இருக்கியா? மனசுல வெச்சுக்காத. பேரு சொல்லலியே நானு."

"ஆமா சார். பேரு சொல்லல சார்" என்றான் இவன்.

"சார், அன்னிக்கு இவன் உங்கள வந்து கேட்டானே" என்றேன்.

"அப்பறம் பேசலாம்பா" என்று சொல்லிக் கார் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஃபோன் செய்தேன். பழசை எதற்குக் கிளறுகிறாய் என்றார். மேடை போட்டுக் கிளறியது நானா?

அன்று ஓட்டலுக்கு வந்த தீபா மேசைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, அது நீங்கதான?"

"ஆமாம்மா."

"யாரும் சொல்லலியா, வெக்கக் கூடாதுன்னு? நீங்களாவே வெச்சீங்களா?"

ஏழுமலை அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்: "நான்தாம்மா மொதல்ல கேட்டேன். நான் கேக்காம இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. தப்பு என்னுதுதான்."

தலைவர் பெயரை அவன் வாயிலிருந்து அப்போதும் எடுக்கவில்லை. நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இத இங்க உக்காந்து எங்கிட்ட சொல்லி என்னா பெரிப்பா ஆவப்போவுது? அவங்க எல்லாரும் அங்கதான சிரிச்சாங்க" என்றாள். அதற்கு மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. இந்த வாரமும் போகவில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று விசாரிக்கிறாள்.

தம்பிகளே, தங்கைகளே, ஏழுமலை சொன்னதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. கேட்டதுதான் தன் குற்றம் என்கிறான். இல்லை. எங்கள் நிலையத்தில் அந்த வருடம் முழுக்க ஒழுங்காக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டான். அதிகமாகிறது என்று பட்டதும் மறுபடி கேட்டான். நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. பனியில் உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது அவ்வளவுதான்: தெரியாததைச் செய்வதற்கு முன்னால் கேளுங்கள். அப்படிக் கேட்டவனைத்தான் நாங்கள் கப்பலேற்றி அனுப்பினோம். அது தெரிந்தால் அடுத்தவன் என்ன செய்வான்? கேட்க மாட்டான். யாரும் பார்க்காதபோது பாறைக்குப் பின்னால் போய் வைத்துவிட்டு வருவான். பறவைக்குச் சோறு போட்டதைவிடப் பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை சட்டம் எழுதினாலும் கேட்க ஆளில்லாத நிலையத்தில் ஒரு முட்டையைக்கூடக் காப்பாற்ற முடியாது.

உங்கள் தலைவர் உங்களைப் பனியிலிருந்து காப்பாற்றுவார். நன்றியோடு இருங்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒருவர் கேள்வி கேட்கும்போது அந்த நன்றியை எடுத்து வாயில் அடைத்துக்கொள்ளாதீர்கள். நான் அடைத்துக்கொண்டேன். கேள்விக்குப் பிறகு மேசையில் ஒரு அமைதி வருமே, அப்போதே பேசினால்தான் உண்டு. ஒருவர் எதையாவது சொல்லிவிட்டால், மற்றவர்கள் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால், அப்புறம் உண்மை பேசுவது கலாட்டா செய்வது போல ஆகிவிடுகிறது. பறவையை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நம் ஊர்ப் பெயரை அதன் தலையில் வைக்காதீர்கள். இதற்கு மேல் என்னிடம் அறிவுரை இல்லை.

மீதி உங்களுக்கு இல்லை. தலைவருக்கு.

சார், இது அச்சாகி உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். ஏழுமலை ஓட்டலுக்குப் போய்த் தோளில் கை போடாதீர்கள். நானும் அந்த மேசையில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் என்று மேலே எழுதிவிட்டேன், மறைக்காமல். உங்கள் பங்கை நீங்கள் சொல்லுங்கள். புதியவர்களின் பயிற்சி தொடங்கும்போது முதல் பேச்சு உங்களுடையது. அங்கே சொல்லுங்கள். பிறகு வேங்கிக்காலுக்கு வந்து, சிரித்த அதே பிள்ளைகளை உட்கார வைத்து, மைக் பிடித்துச் சொல்லுங்கள். சோற்றுத் தட்டோடு ஏழுமலை உங்கள் அறைக்கு வந்து கேட்டானா, இல்லையா? நிறுத்திவிடலாமா என்று அவன் மறுபடி கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? பதில் சொல்லுங்கள் சார், தீபா காதில் விழும்படி.